மாப்பிள்ளை ரூம்

உங்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது, ஐயா. யாராவது உருண்டு விழுவதற்குள் ஒரு வெல்டரைக் கூப்பிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வாக்குமூலம் கொடுக்க வந்தவன் கைப்பிடியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷத் தொழில் புத்தி, சும்மா இருக்க விடாது.

பெயர் ஜெயராஜ். ஊர் ஆரணி. பட்டுப்புடவை ஆரணி இல்லை, பொன்னேரி பக்கத்து ஆரணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினோரு கம்பெனிகளுக்கு நான்தான் பாதுகாப்பு ஆலோசகர். சட்டம் கேட்கிற பதிவேடு, படிவம், பயிற்சி வகுப்பு, ஒத்திகை எல்லாவற்றையும் அவர்களுக்காக நான் பார்த்துக்கொள்வேன். தீ ஒத்திகைக்கு மணி அடித்தால் ஆட்கள் டீ கிளாசோடு வெளியே வருவார்கள். கிளாஸ் தெரியாமல் போட்டோ எடுப்பது என் திறமை. முதலாளிகளுக்குத் தீயைக் கண்டு பயமில்லை, தீயணைப்புச் சான்றிதழ் காலாவதி ஆவதைக் கண்டுதான் பயம். பயந்தவனுக்கு உதவுவது நல்ல காரியம் என்றுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

நீங்கள் கேட்கும் கம்பெனி, இரும்பைக் காய்ச்சி அடித்து கார் பாகம் செய்கிற இடம். கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. ஆர்டர் கொடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வந்துவிட்டால் அது விபத்தே இல்லை, முதலுதவிப் புத்தகத்தில் ஒரு வரி. ஆகவே அடிபட்டவர்கள் வேலைக்கு வர நான் வசதி செய்து கொடுத்தேன். வீட்டு வாசலுக்கு ஆட்டோ. ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறை, ஃபேன், மெத்தை வைத்த நாற்காலிகள், மதியம் முட்டையோடு சாப்பாடு. வந்து வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

காலில் கட்டோடு ஆறு வாரம் அங்கே இருந்த ரகுதான் அதற்குப் பெயர் வைத்தவன். "இன்னா சார், மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்புள கணக்கா குந்த வெச்சு சோறு போட்டுகினு கீறீங்க" என்றான். அன்றிலிருந்து அது மாப்பிள்ளை ரூம். மூன்று வருஷத்தில் பதினான்கு மாப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டோம். இரண்டு விரல் போனவனும் மறுநாள் வந்தான். மிச்ச விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது. அந்த அறை என் யோசனை, அதில் எனக்குப் பெருமை உண்டு.

பலகை 996 காட்டிய திங்கட்கிழமை பென்னிக்கு அடிபட்டது. முப்பத்துமூன்று வயது, பிரஸ் ஷாப்பில் ஹெல்பர், ஊத்துக்கோட்டை ரோட்டில் வீடு. அப்பா காலம் வரைக்கும் வயல் வேலை பார்த்த குடும்பத்தில் கம்பெனிக்கு வந்த முதல் ஆள். எனக்கு அவனைப் பிடிக்கும், என் வகுப்பில் தூங்காதவன். கிரேன் கொக்கி ஆடி வந்து காதுக்கு மேலே தட்டியதில் விழுந்தான். எழுந்து நின்று, "ஒண்ணியும் இல்ல சார், லேசாத்தான் பட்டுச்சு" என்றான். நானே கட்டுப் போட்டேன். மேனேஜர் முரளி என்னை ஓரமாக அழைத்து, "வெள்ளிக்கிழமை ஆயிரம், ஜெயராஜ் சார். கார் கம்பெனிக்காரங்க கேக் வெட்ட வர்றாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் பழி போடாதீர்கள். நாளைக்கு வந்து உட்காரட்டும் என்றது நான்.

செவ்வாய்க்கிழமை பென்னி வந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். முட்டை சரியில்லையோ என்று கேன்டீனை விசாரித்தேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான், ஜன்னலுக்குத் திரை போட்டுக் கொடுத்தேன். வேறு எந்த ஆலோசகர் இதெல்லாம் செய்வார், நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை காலை, பென்னி ரூமுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, அவன் பெண்டாட்டி ஏஞ்சலின் கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் கையுறை தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள். அதுவும் என் பதினொன்றில் ஒன்று. என் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்து என் கையால் சர்டிஃபிகேட் வாங்கியவள்.

"ராத்திரி பூரா அனத்திகினே இருந்தாரு சார். பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி ஸ்கேன் எட்துடறேன். ஆட்டோ நிக்குது. தலைல அடிபட்டு வாந்தி எட்த்தா ஒரு நிமிசங்கூட வெச்சுகினு இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் கிளாசுல சொன்னீங்க?"

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் ஒருத்தியாவது ஞாபகம் வைத்திருக்கிறாளே. ஆனால் ஆஸ்பத்திரியில் அடி எங்கே பட்டது, என்றைக்குப் பட்டது என்று கேட்டு எழுதுவார்கள். போலீசுக்குத் தகவல் போகும். ஒரு மாப்பிள்ளையைத் தோண்டினால் மற்றவர்களும் வரிசையாக வெளியே வருவார்கள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

பொறுமையாகப் பேசினேன். "ஏம்மா, அது மயங்கி விழுந்தவங்களுக்குச் சொன்னது. பென்னி எழுந்து நின்னாரு, நடந்தாரு, சாப்ட்டாரு. இது வெறும் பித்தம். வெள்ளிக்கிழமை மதியம் நானே என் வண்டியில கூட்டிட்டுப் போறேன். நீயும் வா."

அவள், "நீங்க சொன்னா சரி சார். உங்களுக்குத் தெரியாததா" என்று ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை பென்னியிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டேன். தலையில் அடிபட்டவர்களைக் கேட்கச் சொல்லி வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் கேள்விதான். "ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போவணும், சட்டைய எட்து குடு ஏஞ்சலு" என்றான். புத்தகத்தில் 'தெளிவாகப் பேசுகிறார்' என்று எழுதினேன். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ரகு அந்த வாரம் மறுபடியும் மாப்பிள்ளை, இந்தத் தடவை கை. "ஆளு பேஜாரா கீறான், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க சார்" என்று கத்தினான். உன் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதத்தில் இப்படிக் கத்தலாமா என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறான் என்று ஏஞ்சலின் வெளுத்த சட்டை போட்டு அனுப்பியிருந்தாள். நானும் ஆட்டோக்காரரும் அவனைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அவன் விரலைப் பிடித்து மெஷினில் வைத்தது நான். இரண்டு தடவை சிவப்பு விளக்கு. வேர்வையைத் துடைத்துவிட்டு வைத்ததும் பச்சை எரிந்தது.

பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மாப்பிள்ளை ரூமையும் காட்டினேன், தொழிலாளர் ஓய்வறை என்று சொல்லி. வந்தவர்களில் ஓர் அம்மையார் நாற்காலி மெத்தையை அழுத்திப் பார்த்து, இவ்வளவு அக்கறை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். மூலையில் பென்னி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பாவம், அசந்து தூங்குகிறார் என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அத்தனை பேரும் நுனிக்காலில் வெளியே வந்து, கேக் வெட்டி, சத்தம் வராமல் கை தட்டினோம். அந்தக் குறட்டை தூக்கத்தில் வருகிற குறட்டை இல்லை. ரகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

வாக்குத் தவறவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஏஞ்சலின் வந்ததும் என் வண்டியில்தான் ஏற்றினேன். பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டே வந்தாள். தச்சூர் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது ஜெபம் நின்றது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

புதன்கிழமை கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அழுது முடித்து என்னிடம் வந்து, "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, உங்களுக்கே தெர்லயே" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள், ஐயா. அங்கேயே திருத்தியிருக்க வேண்டும்.

இப்போது நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். ரகு கொடுத்த புகாரை வைத்து நீங்கள் தட்டச்சு செய்திருக்கும் இந்தத் தாளில், மூன்றாம் வரியில், 'ஆலோசகரின் அறியாமையால்' என்று இருக்கிறது. மற்றதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். மாதம் இரண்டு வகுப்பு எடுக்கிறவன் நான், நாளைக்கு நாலு கம்பெனியில் தலை காட்ட வேண்டாமா? ஆட்டோவை நிறுத்திவிட்டு அவள் என் முன்னால் வந்து நின்றபோதே, போக விடாவிட்டால் பென்னி செத்துப்போவான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.