ரயிலில் வந்த துடுப்பு

மாத்தளையில் ஏறியதிலிருந்து பக்கத்து இருக்கை முஸ்லிம் பெரியவர், எல்லோரும் 'நானா' என்று அழைத்தவர், தன் துடுப்பால் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தார். ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

எதிரே இருந்த, பலாபத்வல ஊரில் கடை வைத்திருப்பவர் கேட்டார்: "கண்டி ரயிலுக்குத் துடுப்பு எதுக்கு நானா?"

"வள்ளத்த வித்துட்டேன், தம்பி. வாங்கினவன் செக்குத்தான் தந்தான். நானே ஆத்துல துழாவிக்கிட்டுப் போய் அவன் துறையில வள்ளத்த விட்டுட்டு, துடுப்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கண்டி பேங்குல செக்க மாத்தி சல்லி கைக்கு வந்தாத்தான் துடுப்பு அவனுக்கு."

"ஐயோ நானா! செக்கு பொய்யா இருந்தா? துடுப்பு இல்லாட்டியும் அவன் ஏறி அவிழ்த்து விட்டா வள்ளத்தத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுமே!"

"போகட்டுமே. அவன் ஊரு ஆத்துல மேல் பக்கம். கீழ் பக்கம் முதல் துறை என்னோடதுதான்."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானாவும் சிரித்தார். துடுப்பு மறுபடி இடித்தது.