பதினோராம் நம்பர் கதை

தட்டாதீங்க தம்பி, தெறக்க மாட்டாங்க. ஷெத்லி ஐயா நடுவருங்களுக்குத் தலைவரா இருக்கற வரைக்கும் முடிவாகாம அந்தக் கதவு தெறக்காது. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர்டானவரு, பழக்கம் எங்க போகும்? இப்படி உட்காருங்க. போட்டோவுக்குத்தான வந்தீங்க? ஜெயிச்சவங்களுக்கு எல்லாரும் சேந்து போன் போடுவாங்க, அப்பக் கூப்பிடுவாங்க.

நானா? நானும் இந்தக் கதைப் போட்டிக்கு நடுவர்தான். மொங்கியாம்மான்னு கூப்பிடுவாங்க, இதே நூலகத்துல வேல.

சிரிக்காதீங்க. நடுவர் வெளிய உட்காந்திருந்தா வேடிக்கையாத்தான் இருக்கும். எங்க சட்டம் அப்படி. இந்த ஸ்ஃபாக்ஸ் ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்ல? அதனால, இளசுங்களுக்குன்னு எழுதி வர்ற கதைங்கள்ல பேரக் கிழிச்சுட்டு நம்பர் ஒட்டித்தான் எங்ககிட்டக் குடுப்பாங்க. படிக்கும்போது யார் எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சா, முடிவெடுக்கற நேரத்துல வாயத் தெறக்காம எந்திரிச்சு வந்துடணும். யாருன்னும் சொல்லக் கூடாது. சொன்னா அந்தக் கதையே போட்டியில கெடையாது.

ஆமா, ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. பதினோராம் நம்பரு.

அதான் ஜெயிக்கணும் தம்பி. ஜெயிச்சாத்தான் புஸ்தகமாப் போடுவாங்க. இல்லன்னா கட்டி மச்சுல ஏத்திருவாங்க.

சண்டைதான், பின்ன? அதுக்கும் ஒரு மொற இருக்கு. மொதல்ல நல்லதத்தான் சொல்லணும். எனக்குப் பிடிக்கலன்னு எவனாவது சொன்னா, எல்லாருக்கும் ஒரு தட்டு மக்ரூத், அதான் பேரீச்சம்பழ இனிப்பு, வாங்கித் தரணும். இந்த வருஷம் தின்ன மக்ரூத் பூரா ஷெத்லி ஐயாவோடதுதான், போங்க. பதினொண்ணுல வர்ற பையன் அம்மாவ எதுத்துப் பேசறான், படிக்கிற பிள்ளைங்க கெட்டுப்போகும்னாரு. ஹேலான்னு ஒருத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ள, அவளும் நடுவர்தான், வெடுக்குன்னு கேட்டா: அம்மாவ எதுத்துப் பேசாத பையன நீங்க எங்கய்யா பாத்தீங்க? அவள அப்பவே கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பேன். குடுக்க முடியுமா? கைய மடியில வச்சு உட்காந்திருந்துட்டு எந்திரிச்சு வந்தேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? அந்தக் கதையில ஒரு அம்மாக்காரி வர்றா. மவன் பரிட்சைக்குப் போனாலும் சரி, பந்தாடப் போனாலும் சரி, பின்னாடியே சொம்புத் தண்ணியோட ஓடிவந்து வாசல்ல ஊத்துவா, பத்திரமாத் திரும்பி வரணும்னு. அது இங்க எல்லா வீட்டுலயும் செய்யறதுதான். ஆனா இவ ஊத்தற அவசரத்துல அவன் காலையும் நனைச்சுடுவா. ஈரச் செருப்போட போனாத்தாண்டா என் ஞாபகம் இருக்கும்பா. அப்படி இந்த ஊர்லயே ஒருத்திதான் சொல்லுவா.

கேட்டுச்சா? கை தட்டறாங்க. இருங்க இருங்க... பதினொண்ணுங்கறாரு! பதினொண்ணேதான் தம்பி!

அழல. தூசி.

இல்ல, இன்னும் கெலிச்சதாக் கணக்கில்ல. இப்ப உறையப் பிரிச்சுப் பேரப் பாத்து போன் போடுவாங்க. எழுதுனவங்க தன் வாயால சரின்னு சொல்லணும். மூணு தரம் அடிச்சும் எடுக்கலன்னா ரெண்டாவதா வந்த கதைக்குப் போயிடும். ஒரு தடவ செத்துப்போனவரு கதைக்குக் குடுத்து, வாரிசுங்க இந்த வாசல்லயே அடிச்சுக்கிட்டாங்க. அதுலேர்ந்து, உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டும்னு ஆக்கிட்டோம். நானும்தான் கை தூக்குனேன்.

ஆமா, என் பையிலதான் அடிக்குது.

என்னோடது இல்ல தம்பி. வஜ்தியோடது, என் மவன். இந்தக் கதைய அனுப்புனத எங்கிட்டக்கூட சொல்லல. ஒலிவக்காய் பறிக்கற சமயத்துல நாலு பசங்களோட திருட்டுப் படகேறிட்டான், இத்தாலிக்கு. போன் தண்ணியில வீணாயிடும்னு தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் போயிருக்கான். நான் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள போயிட்டான். தண்ணி ஊத்தல. கர சேந்ததாவும் தகவல் இல்ல, சேரலன்னும் இல்ல. நான் தெனமும் சார்ஜ் போடறேன்.

நின்னுடுச்சு. திரும்ப அடிப்பாங்க.

கேளுங்க, ஷெத்லி ஐயா சிரிக்கறாரு. பய தூங்கறான் போலங்கறாரு.

அடிக்குது பாருங்க. எடுங்கம்மாங்கறீங்க. எடுத்தா ஒண்ணுதான் கேப்பாங்க, வஜ்தி இருக்கானான்னு. நீங்களே சொல்லுங்க தம்பி, நான் என்னன்னு சொல்லட்டும்?