சுருதி ஏற்றாத குரல்

சித்தி: தலையை ஆட்டாதே. மைக் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கே, வாயைத் திறந்து சொல்லு. நான் பேசறது ஹெட்போன்ல கேக்குதா இல்லையா?

அணில்: கேக்குது.

சித்தி: அப்பாடா. ரெக்கார்டிங் ரூம் கதவை உள்பக்கமா தாழ் போட்டுக்கிட்ட முதல் அணில் நீதான்டா. திற.

அணில்: மாட்டேன். டைரக்டர் சார் போயிட்டாரா?

சித்தி: எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிட்டேன். நாடகத்துல கரடியா நடிக்கற மாமா மட்டும், பையனுக்கு வெந்நீர் குடும்மான்னு சொல்லிட்டுப் போனார்.

அணில்: அவர்தான் முதல்ல சிரிச்சார்.

சித்தி: சிரிக்கல்லாம் இல்லை... சரி, சிரிச்சார். "அம்மா, மழை வருது"ங்கற ஒரே வரியில "அம்மா" குட்டி அணிலாவும் "மழை" பெரிய கரடியாவும் வந்தா, பாவம், அவர் என்னதான் பண்ணுவார்?

அணில்: நீயும் சிரிச்சே. நடுவுல இருக்கறது கண்ணாடி. சுவர் இல்லை.

சித்தி: தப்புதான். ஆனா அவர் கதை தெரியுமா? உன் வயசுல ஸ்கூல் மேடையில பாடிக்கிட்டு இருந்தாராம். பாதிப் பாட்டுல இதே மாதிரி குரல் உடைஞ்சு, ஒரே ஓட்டம். செருப்பை எடுக்க மறுநாள்தான் போனாராம்.

அணில்: நிஜமாவா?

சித்தி: நீயே கேளு.

அணில்: எனக்கு... தொண்டை கட்டியிருக்கு. அவ்வளவுதான்.

சித்தி: மாசக்கணக்காவா? அப்ப கையும் காலும் நீண்டு போனதும் அதனாலதானா? போன வருஷம் மைக் எட்டலைன்னு பலகை போட்டு உன்னை நிக்க வெச்சோம். இப்ப அந்த ஸ்டாண்டுல மேல ஏத்த இடமே இல்லை. ஷூ வாங்கி அட்டைப்பெட்டி பழசாகல, அதுக்குள்ள கடிக்குதுங்கறே.

அணில்: கிண்டல் வேண்டாம், சித்தி.

சித்தி: சரி, கிண்டல் இல்லை. உங்க டீச்சர் போன் பண்ணினாங்க. கிளாஸ்ல வாசிக்கச் சொன்னா எழுந்து நின்னு இருமறியாம். டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு கேட்டாங்க.

அணில்: என்ன சொன்னே?

சித்தி: காட்டறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அணில்: அது இருக்கட்டும். உள்ளே வரும்போது பார்த்தேன், வாசல் பெஞ்சுல ஒரு ரெட்டைப் பின்னல் பொண்ணு உட்கார்ந்திருக்கு. யாரு அது?

சித்தி: அது வந்து...

அணில்: அணிலுக்குத்தானே?

சித்தி: ஆமா. குரல் பாக்க வந்திருக்கா.

அணில்: யாரு வரச் சொன்னது?

சித்தி: நான்தான்.

அணில்: நீயா?

சித்தி: நான் சொல்லலைன்னா டைரக்டர் சார் சொல்லியிருப்பார். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றது? வீட்டுல முகம் குடுத்தே பேச மாட்டேங்கறே. சாப்பாடு போதுமான்னா கையைக் காட்டறே. உங்கம்மா ஊர்ல இருந்து கூப்பிட்டா, எடுக்காம மெசேஜ் அனுப்பறே. வளர்ற வயசு, அவனுக்கு உன் மேல என்னவோ கோபம், தானா சரியாகும்னு அவ எனக்கு ஆறுதல் சொல்றா.

அணில்: கோபம் எல்லாம் இல்லை.

சித்தி: பின்னே? எந்நேரமும் கதவைச் சாத்திக்கறே. நேத்து ஒரு துண்டு எடுக்க உள்ளே வந்ததுக்கு அந்த முறை முறைச்சியே.

அணில்: சட்டை போடாம இருந்தேன்.

சித்தி: உன்னைக் குளிப்பாட்டினவடா நான்.

அணில்: அது அப்போ.

சித்தி: ...ஆமா. அது அப்போதான். இனிமே தட்டிட்டு வரேன்.

அணில்: சித்தி, ஒண்ணு கேக்கவா? பொய் சொல்லக் கூடாது.

சித்தி: கேளு.

அணில்: ரேடியோ நாடகத்துல வர்ற அணில் நான்தானா?

சித்தி: வேற யாரு?

அணில்: நான் பேசறது ஒண்ணு, ரேடியோவுல வர்றது ஒண்ணு. நடுவுல நீ மெஷின்ல சுருதியை ஏத்திடறே.

சித்தி: யார் சொன்னா?

அணில்: யாரும் சொல்லலை. அன்னிக்கு நீ போன் பேச வெளியே போனப்ப, உன் நாற்காலியில உட்கார்ந்து கேட்டேன். முதல்ல நான் பேசினது... கட்டையா, கரகரன்னு. அப்புறம் நீ மாத்தினது. பொடிசா, கீச்சுகீச்சுன்னு.

சித்தி: டேய், அது டைரக்டர் சாருக்கே தெரியாது. அணில் உன் கையை விட்டுப் போயிடக் கூடாதேன்னுதான். எவ்வளவு ஆசையா பண்றே அதை. இன்னிக்கு ஒரே வரியில ரெண்டு குரல் வந்துடுச்சு, மெஷினால மறைக்க முடியலை.

அணில்: எனக்கு அப்படித் தோணலை.

சித்தி: எப்படித் தோணிச்சு?

அணில்: விடு.

சித்தி: சொல்லு.

அணில்: உனக்கு இந்தக் குரல் பிடிக்கலைன்னு. வீட்டுக்கு யார் வந்தாலும் சின்ன வயசு அணிலைத்தானே போட்டுக் காட்டறே? இதை மாத்திட்டு அழிச்சிடறேன்னு நினைச்சேன். பிடிக்காததை எதுக்கு உன் காதுல போடணும்? அதான் வீட்டுல பேசறதை விட்டுட்டேன்.

சித்தி: அட மடையா... அதுக்காகவா?

அணில்: அணில் போனாப் போகட்டும். எனக்கே அது எப்பவோ போரடிச்சாச்சு. நீ வருத்தப்படுவேன்னுதான் இழுத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணே பண்ணட்டும். ஆனா நீ... பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தாகூட, ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறே. நான் எங்கே வாயைத் திறந்துடுவேனோன்னு பாட்டு கேக்க ஆரம்பிச்சிடறே.

சித்தி: அது பாட்டு இல்லைடா. உன் குரல். சுருதி ஏத்தறதுக்கு முன்னாடி நீ பேசினது ஒண்ணு விடாம என் போன்ல இருக்கு. நீதான் வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறியே... நான் வேற எங்கே போய்க் கேக்கறது?