மீதிப் பாதி வளைவு

கரண்டியால் கோப்பையைத் தட்டிவிட்டேன். இந்த ஊரில் தட்டியவன் பேசித்தான் ஆகவேண்டும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எய்னார் அவர்களே! எய்னாரின் துணைவியார் டாக்னியை இன்று நல்ல வார்த்தைகள் சொல்லி வழியனுப்பி வைத்த மதகுரு பிர்கிட் அவர்களே! ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது வாசிக்கச் சொல்வார்கள் என்று காத்திருக்கும் பன்றிப்பண்ணை தோர்கில் அவர்களே! ஊர் மன்றத்தின் உறுப்பினர்களே! பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களே, பல கடல் தாண்டி வந்தவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வெளியே பார்த்தீர்களா? காலையிலிருந்து அரைக்கம்பத்தில் தொங்கிய கொடி, அடக்கம் முடிந்ததும் உச்சிக்கு ஏறிவிட்டது. அழுகை கல்லறைத் தோட்டத்தோடு முடிந்தது, இனி அவர் வாழ்ந்த வாழ்வைப் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். டாக்னி இங்கே இருந்திருந்தால், "கொடி ஏறிடுச்சுல்ல? மூக்கச் சிந்திட்டு கேக் எடுங்க" என்று அதட்டியிருப்பார். ஆகவே எடுங்கள். தோர்கில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

நான் நெஜாத். குழாய் மாட்டும் நெஜாத் என்றால் உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: போஸ்னியாவில் சண்டை நடந்தபோது, நானும் என் மனைவி ஃபிக்ரெதாவும் கைக்குழந்தையோடு டென்மார்க்குக்குத் தப்பி வந்தோம். முகாமில் கொஞ்ச காலம். பிறகு இந்த ஹெய்லுண்டில், தேவாலயத்துக்கு எதிரே உள்ள மஞ்சள் வீட்டில் எங்களைக் குடிவைத்தார்கள்.

யார் இந்த டாக்னி? பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். ஊர் மன்றத்தின் தலைவர். தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாத தலைவர்! ஏன் ஆள் இல்லை? எதிர்த்து நிற்க நினைத்தவர்களையெல்லாம் அவரே ஏதாவது ஒரு குழுவில் சேர்த்து வேலை கொடுத்துவிடுவார். என் மனைவியைக் கால்பந்து மைதானத்தில் ஓடவிட்டுச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "விழு, நல்லா விழு, புல்லுதானே!" என்று அவர் கத்தியது தேவாலய மணிக்கூண்டுவரை கேட்டது. என்னை இந்த மன்றத்தின் செயற்குழுவில் சேர்த்தவரும் அவர்தான். நான் சம்மதம் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

ஆனால் அன்பர்களே, எடுத்த எடுப்பிலேயே இப்படியெல்லாம் நடந்ததா? இல்லை! முதல் இரண்டு வருடங்கள் எங்கள் வாசல் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. நீங்கள் சாலையில் காரோட்டிப் போகும்போது, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவீர்கள். அது வணக்கமா, எச்சரிக்கையா? எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டமாட்டான், நேரே அடுப்படிக்கே வந்துவிடுவான். இங்கே கூப்பிடாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை. நீங்கள் எங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றீர்கள். நாங்கள் உங்களுக்குப் பிடிக்காதவர்கள் என்று உள்ளே உட்கார்ந்து முடிவு கட்டினோம். ஃபிக்ரெதா தினமும் காபிக் கொட்டை வறுத்து அரைத்து வைப்பாள். குடிக்க நான் ஒருவன்தான்.

கடைசியில் ஓடென்ஸ் நகரத்துக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தோம். அங்கே எங்கள் நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். திங்கட்கிழமை வண்டி வரவேண்டும். பெட்டிகள் கட்டியாகிவிட்டது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒருநாள், பேருந்து நிறுத்தத்தில் டாக்னி என் மனைவியிடம், "உங்களுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவளும் சொல்லியிருக்கிறாள். உடனே அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாராம். எதற்கு என்று யாருக்குத் தெரியும்?

இந்த நாட்டுக்காரர்கள் இருபத்தைந்தாவது மணநாளைக் கொண்டாடுவார்கள், சரி. பன்னிரண்டரை வருடத்துக்கு எந்த ஊரிலாவது விழா எடுப்பார்களா? எடுக்கிறார்களே! அதுவும் எப்படி? விடியும் முன் ஊரே திரண்டு வந்து, ஊசியிலைக் கிளைகளால் கட்டிய தோரண வளைவை வாசலில் நிறுத்தி, பாட்டுப் பாடி, தம்பதியைப் படுக்கையிலிருந்து எழுப்பி! இருபத்தைந்துக்கு முழு வளைவு. பன்னிரண்டரை அதில் பாதிதானே, ஆகவே பாதி வளைவு. கதவுக்கு ஒரு பக்கம் கால் ஊன்றி, தலைக்கு மேல் பாதியில் நின்றுபோகும். கணக்கு சரியாக இருக்கவேண்டும் அல்லவா, டென்மார்க் அல்லவா!

எங்களிடம் முன்கூட்டிச் சொன்னார்களா? சொல்லிவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்பது இங்கே சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. டிராக்டர் சத்தம் கேட்டு விழித்தேன். திரையை விலக்கிப் பார்த்தால், வாசலில் கூட்டம். ஏணி. கையில் ரம்பத்தோடு ஆட்கள். ஒருவர் எங்கள் கதவு நிலையில் ஆணி அடிக்கிறார். போஸ்னியாவில் எங்களைத் துரத்தியவர்களும் விடியற்காலையில்தான் வந்தார்கள். அவர்களும் எங்களுக்கு முகம் தெரிந்த அக்கம்பக்கத்தார்தான். இதற்குமேல் அதைப்பற்றி நான் இன்று சொல்லப்போவதில்லை.

ஃபிக்ரெதா மளமளவென்று எடுத்து மாட்டினாள். குழந்தைக்கு ஒரு கோட்டு, அதற்குமேல் இன்னொரு கோட்டு. எனக்குக் காலணி. துணிப்பை தோளில். அப்போது தோர்கில் ட்ரம்பெட்டை ஊதினார். நண்பர்களே, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் எங்கள் பயத்தைக் குறைக்கவில்லை! பிறகு ஊர் முழுக்கச் சேர்ந்து பாடத் தொடங்கியது.

"பாட்டுப் பாடிக்கிட்டு யாராவது துரத்துவாங்களா?" என்றாள் இவள்.

"இந்த நாட்டுல எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. வா" என்றேன் நான்.

கதவைத் திறந்தோம். கோட்டும் காலணியும் பையும் குழந்தையுமாக நின்றோம். முன்னால் டாக்னி, முகமெல்லாம் சிரிப்பு, கையில் ரொட்டிக் கூடை. எங்கள் காலணியைப் பார்த்தார். குழந்தையின் இரண்டு கோட்டுகளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் விளங்கியது. "தோர்கில், ஊதாத, நிறுத்து!" என்று கத்தினார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: "நான் ஒரு மடச்சி. ஃபிக்ரெதா, நான் ஒரு மடச்சி. உங்க கல்யாண நாளைக் கொண்டாட வந்தோம்மா."

அப்போது என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்! இரண்டு வருடமாகச் சிரிக்காத பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தனை பேருக்கு என்கிட்ட நாலு கப்புதான் இருக்கு!" என்றாள்.

அந்த நான்கு கோப்பைகள் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கக் காபி குடித்தது. எங்கள் காபியில் மண்டி அடியில் தங்கும், அதைக் குடிக்கக்கூடாது. யாரும் சொல்லவில்லை. தோர்கில் மண்டியைக் கடைசிவரை மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப சத்தா இருக்கு" என்றார். மரியாதை என்றால் அது!

'ஓடென்ஸ்' என்று எழுதிக் கட்டிவைத்த பெட்டிகளை டாக்னி பார்த்துவிட்டார். எங்கே, ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் பேச்சை மாற்ற, "இந்த வளைவு ஏன் பாதியிலேயே நிக்குது?" என்று கேட்டேன்.

"மீதிப் பாதி இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு. என் கொட்டகையில இருக்கு. வேணும்னா இங்கேயே இருந்து வாங்கிக்கோ. ஓடென்ஸுக்கெல்லாம் கொண்டுவந்து தரமாட்டேன்" என்றார் டாக்னி.

திங்கட்கிழமை வண்டி வந்தது. வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது.

அந்த வாரமே இந்த மன்றத்தில் டாக்னி கூட்டம் போட்டார். "ஒத்த விரலைத் தூக்குனா அது வணக்கம்னு அவங்களுக்கு யாரு சொல்றது? புதுசா யாரு வந்தாலும், ஒரு வாரத்துக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரும் போய்க் கதவைத் தட்டணும். ஒரு கப் குடிக்கிற வரைக்கும் உட்காரணும். பேச்சு வரலைன்னா மழையைப் பத்திப் பேசுங்க" என்றார். முதலில் வந்தவர் தோர்கில்தான். பன்றிப்பண்ணைக்காரர் முஸ்லிம் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? யோசித்து யோசித்து, தன் மனைவியின் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் அந்த அம்மாள் தொட்டியைத் தேடி வந்து, அது எங்கள் சன்னலில் இருப்பதைப் பார்த்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

வளைவு கட்டும் வழக்கத்திலும் ஒரு மாற்றம் செய்தார் டாக்னி. ஆணி அடிப்பதற்கு முன், ட்ரம்பெட்டுக்கு முன், ஒருவர் போய்க் கதவை மெதுவாகத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சோமாலியக் குடும்பத்தின் மணநாள் வந்தது, தட்டினார். ஈராக்கிலிருந்து வந்தவர்களுக்கும் வந்தது, தட்டினார். சரியான உச்சரிப்பு வரும்வரை பேருந்திலேயே அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பழகுவார். பிள்ளைகள் பின்னாலிருந்து திருத்துவார்கள்.

இப்போது ஒரு ரகசியத்தை உடைக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் போதாது என்பது ஃபிக்ரெதாவின் கட்சி. ஆகவே ஒவ்வொரு முறையும் முந்தின நாள் மாலை இவள் அந்த வீட்டுக்குப் போய், "நாளைக்குக் காலைல ஊரே வரும், பயப்படாதீங்க, ஆனா ஆச்சரியப்படற மாதிரி நடிங்க" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். வாய் பிளப்பதுகூட ஒத்திகை! பாவம், டாக்னிக்குக் கடைசிவரை தெரியாது...

என்ன எய்னார்? சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா எல்லோரும்? எய்னார் சொல்கிறார்: "அவளுக்கு முதல் தடவையே தெரியும்ப்பா. ஃபிக்ரெதா போயிட்டு வந்துட்டாளான்னு சன்னல் வழியாப் பார்த்துட்டுத்தான் படுக்கவே போவா."

அப்படியானால் நடித்தது யார்? டாக்னி, எங்கள் எல்லோரையும்விட நீங்கள் நன்றாக நடித்திருக்கிறீர்கள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எனக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

வருகிற சனிக்கிழமை எங்களுக்கு இருபத்தைந்தாவது மணநாள். மீதிப் பாதி எங்களுக்குச் சேரவேண்டிய நாள். டாக்னி இல்லாத வாரத்தில் ஊரைச் சிரமப்படுத்தவேண்டாம் என்று, நாங்கள் ஓடென்ஸில் தங்கிப் படிக்கும் மகளிடம் போய்விடுவதாக முடிவு செய்திருந்தோம். தலைவர் இல்லாத வளைவு எங்களுக்கு எதற்கு என்றும் நினைத்தோம். இன்று காலை, அவரைக் கொண்டுபோகும் பாதையில் தூவ ஊசியிலைக் கிளை எடுக்க எய்னாரின் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு குவியலைத் தனியாகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய மரச்சட்டம், பாதி வளைவு அளவில், புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் டாக்னியே அடித்தாராம். தூரிகைகூட அங்கேயே கிடந்தது.

நான் எதையும் பார்க்கவில்லை. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது!

பர்மாவிலிருந்து போன வாரம் நம் ஊருக்கு வந்து, இதோ கடைசி மேசையில், இது சாவு வீடா கல்யாண வீடா என்று குழம்பி அமர்ந்திருக்கும் தாங் குடும்பத்தாரே! நாளைக்கு ஃபிக்ரெதா காபியோடு வருவாள். அடுத்து தோர்கில் வருவார். அவர் மனைவி பூந்தொட்டிகளை எண்ணிக்கொள்ளட்டும். ஒரு வாரத்துக்குள் இந்த ஊரின் எல்லாக் கைகளும் உங்கள் கதவைத் தட்டும். இது டாக்னி தொடங்கிய வேலை. அவரோடு இந்த வேலையை நாம் புதைத்துவிட்டோமா? இல்லை! இந்த மன்றத்தில் ஒருவர் மிச்சமிருக்கும்வரை இது நடக்கும். இது ஹெய்லுண்டின் சொல்.

எய்னார், உங்களிடம் ஒரு கோரிக்கை. நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள். வீட்டில் அதற்கு இடம் இருந்ததில்லை. ஆனால் ட்ரம்பெட்டுக்கு முன்னால் யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். சனிக்கிழமை விடியற்காலை நீங்கள் வந்து கூப்பிடுங்கள். ஃபிக்ரெதா இப்போது கோப்பைகள் நிறையவே வைத்திருக்கிறாள்.

நாங்கள் எங்கும் போகவில்லை. கோட்டு இல்லாமல், காலணி இல்லாமல், தூங்குகிறவர்கள் போலக் கண்ணை மூடிக் கிடப்போம். நீங்கள் கூப்பிடும்வரை எழுந்திருக்கமாட்டோம்.

தோர்கில், இப்போது ஊதுங்கள்.