பதினெட்டுப் பெட்டி கேரட் வாங்கிய கோடலீவ் அம்மையாருக்குச் சமையற்கூடத்தார் வாசித்தளிக்கும் மடல்

லெய் ஆற்றங்கரையின் இம்மருத்துவமனையில் முப்பத்தோராண்டுகள் அன்பையும் அடுப்பையும் அணையாமல் காத்த அம்மையீர்! வடிவைப் பாராது சுவையைப் பார்த்தவரே! மிச்சத்தோடு திரும்பும் தட்டையே தீர்ப்பாக ஏற்ற நேர்மையாளரே! அதட்டியும் அரவணைத்தும் எங்களை ஆளாக்கி, இன்று ஓய்வுபெறும் தலைமைச் சமையலர் கோடலீவ் வெர்மாண்டெரே அவர்களே! வணக்கம்.

குணங்களை வரிசையாக எடுத்துரைத்துப் புகழ்வதே இத்தகைய மடலின் மரபு. நாங்களும் புகழத்தான் வந்தோம். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக நீங்கள் காத்துவந்த பொய்யொன்று போன வாரம் பிடிபட்டுவிட்டது. அதை இந்தச் சபையில் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

மழை ஓயாத ஓர் அக்டோபரில், இரண்டு பெட்டி காலிஃபிளவர் வாங்கக் காய்கறி ஏலக்கூடத்துக்குப் போனீர்கள். அங்கே விலை ஏறாது, இறங்கும். சுவர்க் கடிகாரத்தின் முள் கீழே வர வர, முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்கே சரக்கு. யாரும் அழுத்தாமல் முள் அடிக்கோட்டைத் தாண்டினால், விளைந்ததை வயலிலேயே கொட்டி உழுதுவிட வேண்டியதுதான். அன்று முள் இறங்கிக்கொண்டிருந்தது ஓடிலோன் என்ற விவசாயியின் கேரட்டுக்காக. இடுப்புயர மரப்பெட்டிகள் பதினெட்டு, மொத்தம் ஆறு டன். மருந்து ஊற்றி மண்ணின் புழுக்களைக் கொல்வதை அவர் நிறுத்தி மூன்றாண்டு ஆகியிருந்தது. மண்ணுக்கு உயிர் திரும்பியது. புழு கடித்த கேரட்டுக்கோ இரண்டு கால், மூன்று கால் முளைத்தது.

"ஓடிலோன், உன் கேரட்டுக்குக் கால்சட்டை தைச்சுப் போடு, அப்பவாவது விக்குதான்னு பாப்போம்!" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். அந்த ஆண்டும் உழ நேர்ந்தால் மறுபடி மருந்துப் பீப்பாயைத் திறப்பதென்று அவர் முடிவு செய்திருந்தார். முள் அடிக்கோட்டைத் தொடுமுன் நீங்கள் அழுத்தினீர்கள்.

"கை தவறிடுச்சு சார்" என்றீர்கள் மருத்துவமனை இயக்குநரிடம்.

"கை தவறினா ஆறு கிலோ வரும், ஆறு டன்னா வரும்?" என்று அவர் கத்தியது எங்கள் கொதிகலன் வரை கேட்டது. ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தர விதியில்லை.

தோல் சீவும் இயந்திரம் அந்தக் கேரட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கையால் சீவினோம். மனதுக்குள் திட்டினோம், சிலர் வாய்விட்டும் திட்டினோம். "இது கேரட்டா, நாற்காலியா? நாலு கால் இருக்கே!" என்று அதிகம் திட்டியவர் எங்களில் ஒருவரான வேர்ல. சூப், கேக், உருளைக்கிழங்கோடு மசித்த ஸ்டூம்ப் என்று மூன்று வாரம் ஓடியது. நீங்களோ தட்டுகள் திரும்பி வரும் இடத்தில் நின்று, யார் எதை மிச்சம் வைத்தார் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாம் மாடி நோயாளி ஒருவர், "இது யாரு வயல்ல விளைஞ்சது? இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டனுப்பினார். அன்றிலிருந்து உணவுச் சீட்டில் விவசாயியின் பெயர் ஏறியது. ஓடிலோனின் மருந்துப் பீப்பாய் மூடியே கிடந்தது.

அதுவரை பீன்ஸ் விமானத்தில் வந்து எங்கள் குப்பைத் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மைலுக்கு அப்பால் நல்ல கிழங்கை உழுதுகொண்டிருந்தார்கள். இது ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஐரோப்பாவின் உணவுச் சங்கிலியைத் திருத்த வேண்டுமென மேடைதோறும் முழங்குகிறார்கள். அதன் ஒரு கண்ணி எங்கள் கத்திமுனையில் இருக்கிறதென்று காட்டியவர் நீங்கள். இன்று பதினொரு விவசாயிகள் நமக்காக விதைக்கிறார்கள். ஐந்து குப்பைத் தொட்டி நிறைந்த இடத்தில் இன்று ஒன்றுதான் நிறைகிறது.

ஆயினும் இந்தக் கடைசி மாதங்களில் உங்கள் முகம் வாடியிருந்தது. "நான் போனதும் எங்கிருந்தோ உறைஞ்ச சாப்பாடு வரும். நீங்க சூடு பண்ணிக் குடுப்பீங்க, அவ்வளவுதான்" என்றீர்கள். அதற்கான ஒப்பந்தத் தாள் இயக்குநரின் மேசையில் இருந்ததும் உண்மை. எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது.

உங்கள் இடத்துக்கு வரும் வேர்ல போன வாரம் முதன்முறையாக ஏலத்துக்குப் போனார். காலிஃபிளவருக்குப் பொத்தானை அழுத்தினார். உடனே ஒலிபெருக்கி கேட்டது: "எத்தனை பெட்டி?" வேர்ல திடுக்கிட்டார். அழுத்துகிறவர் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பதில் சொன்னால்தான் சரக்கு! அங்கிருந்தே எங்களுக்குத் தொலைபேசினார்.

"கை தவறலாம்டி, வாய் எப்படித் தவறும்? அம்மா 'எல்லாம்'னு சொல்லியிருக்காங்க!"

ஓடிலோனைக் கேட்டோம். "ஆமா, 'எல்லாம்'னுதான் சொன்னாங்க. வெளிய சொல்லாதீங்கன்னாங்க, சொல்லலை" என்றார்.

அம்மையீர், கதை அத்தோடு முடியவில்லை. அடுத்து ஏலத்துக்கு வந்தது புதிதாய்ப் பயிரிடும் ஒரு பெண்ணின் பீட்ரூட், பன்னிரண்டு பெட்டி, அத்தனையும் மழையில் வெடித்தவை. முள் இறங்கிக்கொண்டே வந்தது. வேர்ல அழுத்தினார்.

"எத்தனை பெட்டி?"

"எல்லாம்."

மாலையில் அதே இயக்குநர் அழைத்து விளக்கம் கேட்டார். "கை தவறிடுச்சு சார்" என்றார் வேர்ல. அவர் பின்னால் நின்ற எங்களையும் இயக்குநர் பார்த்தார். "உங்க எல்லாருக்கும் ஒரே கைதானா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒப்பந்தத் தாளைக் கையெழுத்திடாமலே இழுப்பறையில் போட்டு மூடினார்.

பீட்ரூட் நாளைக் காலை வருகிறது. நீங்கள் வர வேண்டாம். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ சமைத்ததைக் குறை சொல்லிச் சாப்பிடுங்கள். நோயாளியாக அல்லாமல் விருந்தாளியாக மட்டுமே இவ்வாசலுக்கு வரும் நல்லுடல் வாய்த்து, நூறாண்டு நிறைவாக வாழ்க!

கை தவறாமல் கையொப்பமிடும்,
சமையற்கூட ஊழியர் பதினேழு பேர்