முப்பது காலடி

ஆய்வாளர் ஐயா, எழுதத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். எங்கள் கல்லூரியிலிருந்து நீங்கள் எடுத்து வந்த ஏழு பெட்டிகளில் பச்சைப் பெட்டியை மேற்கு ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு மேல் வெயில் நேராக அதன் மேல் விழும். அதை உள்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். தரையில் இழுக்க வேண்டாம், இரண்டு பேர் தூக்கினால் போதும். அதன் மேல் டீ கிளாஸ் வைத்திருக்கும் காவலரிடமும் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் முத்திருளன், வயது நாற்பத்தாறு. பசுமலைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். அங்கே ஆறு வருடமாக மாணவர்களுக்கு ஒரு ராக்கெட் மன்றம் நடக்கிறது. அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் ஆளுயரம் வரை ராக்கெட் செய்து, கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு வறண்ட கண்மாயில் மாதம் ஒருமுறை ஏவுவார்கள். அது ஆயிரம் அடி போகும், பாராசூட் விரித்து இறங்கும். அந்தச் சாமான்களைப் பத்திரமாக வைப்பதும், ஏவும் நாளில் கொண்டுபோவதும், திருப்பிக் கொண்டுவந்து அடுக்குவதும் என் வேலை.

போன சனிக்கிழமை ஒரு ராக்கெட் தரையிலேயே வெடித்து, மூன்றாம் ஆண்டு மாணவி சரண்யாதேவிக்கு வலது கண் போய்விட்டது. பொறுப்பாசிரியர் பாண்டியராஜன் சாரை அழைத்துப் போய் விசாரித்தீர்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை நாளிதழில், உபகரணங்களைச் சரியாகப் பராமரிக்காததே விபத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பராமரிப்பில் குறையாம். என் பெட்டியை ஒருநாள் திறந்து பார்த்திருப்பானா அந்த நிருபர்? அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்து, எழுத வெள்ளைத்தாள் கேட்டேன்.

என் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பெட்டியில் மோட்டார்கள். மோட்டார் என்றால் மருந்து இறுக்கி அடைத்த கெட்டி அட்டைக் குழல், ராக்கெட்டின் அடியில் செருகுவது. அதைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பிகள் நீலப் பெட்டியில். பச்சையும் நீலமும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது. பச்சை கல்லூரி வேனில் வரும், நீலம் என் பைக்கில் வரும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஸ்பாஞ்சை வெட்டித் தனிக் குழி செய்திருக்கிறேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாதாமாதம் மாற்றுவேன். கீழே விழுந்த மோட்டாரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏவக் கூடாது. உள்ளே மருந்து விரிசல் விட்டிருக்கும், வெளியே தெரியாது. பற்றவைத்தால் மேலே போகாமல் நின்ற இடத்திலேயே வெடிக்கும். அதனால் ஒரு வாளித் தண்ணீரும் எங்களோடு வரும். விழுந்ததை அதில் போட்டால் ஊறிக் கூழாகிவிடும்.

களத்தில் கடைசி வேலை கோடு. கபடிக்குப் போடுகிற சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு, ராக்கெட் நிற்கும் இடத்திலிருந்து முப்பது காலடி நடந்து, சுற்றிலும் வட்டமாகக் கோடு போடுவேன். எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் என் சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வரும். சாவியைச் செருகினால்தான் ராக்கெட்டைப் பற்றவைக்கும் பொத்தான் வேலை செய்யும். ஆறு வருடத்தில் யாரும் அந்தக் கோட்டை அளந்து பார்த்ததில்லை. முத்திருளன் போட்ட கோடு என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

சரண்யாதேவி முதல் வருடத்திலேயே இதையெல்லாம் பிடித்துக்கொண்டாள். செக்கானூரணிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை, ஆனால் பெட்டி தூக்க வெட்கப்பட மாட்டாள். புதிதாக வரும் பிள்ளைகளிடம், "அண்ணனோட கோட்டுக்குள்ள உங்க நெழலு விழுந்தாலும் சாவி வராது, பாத்துக்கங்க" என்பாள். மற்றவர்கள் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நிற்பார்கள். அவள் மட்டும் செருப்பு நுனி கோட்டைத் தொடுகிற மாதிரி நிற்பாள். ராக்கெட்டில் கம்பி மாட்டுவதும் அவள்தான், பொத்தானை அமுக்குவதும் அவள்தான். பாண்டியராஜன் சார் பக்கத்திலேயே வர மாட்டார். அவருக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. கரைமேல் கருவேல மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளாளர் பார்க்க வருவதாக இருந்தது. வேன் வரத் தாமதமாகிவிட்டது. சார் ஸ்டோர் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு, "எம்புட்டு நேரமா அந்தப் பெட்டியத் தடவிக்கிட்டே இருப்ப? குடு இங்கிட்டு" என்றார். என்னைவிட எட்டு வயது இளையவர். பச்சைப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக் கட்டக்கூட இல்லை. நீலப் பெட்டியோடு என் பைக்கில் பின்னாலேயே போனேன். மெயின் ரோட்டு வேகத்தடையில் பெட்டி எகிறி விழுந்து வாய் திறந்துகொண்டது. மற்றவை குழிக்குள்ளேயே இருந்தன, ஸ்பாஞ்ச் காப்பாற்றியது. ஒன்று மட்டும் தெறித்துத் தார் ரோட்டில் உருண்டது. ஓரம் லேசாக நசுங்கியிருந்தது.

கண்மாய்க்கு வந்து கோடு போட்டு முடித்ததும் அதை வாளியில் போடப் போனேன். சார் எல்லார் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்தார். தாளாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவரு மோட்டாருக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிற ஆளு சார். பெட்டி தூக்க வந்தவரு, நமக்குப் பாடம் எடுக்குறாரு பாருங்க" என்றார். தாளாளர் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள்.

என் அப்பா சின்னக்கருப்பன் அடுத்தவர் வயலில் நெல்லுக்கட்டுச் சுமந்தவர். தலையில் சும்மாடு வைத்த இடத்தில் அவருக்கு முடியே கிடையாது. சுமக்கிறவன் என்கிற பேச்சு தன்னோடு போகட்டும் என்றுதான் என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்தார். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கத்தவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. அந்த மோட்டாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன். சாயங்காலம் வாளித் தண்ணீரை ஒரு கருவேலஞ்செடிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதைத் தூக்கிப் போடவில்லை என்பதுதான் என் தவறு என்று முதலில் எழுதலாம் என்றிருந்தேன். அது முழு உண்மை இல்லை.

மோட்டாருக்கு ஆகாதது இரண்டு. ஒன்று விழுவது, இன்னொன்று மாறி மாறிச் சூடும் குளிரும் படுவது. விழுந்தது ஏற்கெனவே நடந்துவிட்டது. மீதியை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு சில்வர் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அதைக் கிடத்தினேன். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பகலில் மொட்டை மாடியில், சாயங்காலம் ஃப்ரிட்ஜில். என் மனைவி பாண்டீஸ்வரி ஒருநாள், "மாவுச் சட்டி வைக்க எடமில்ல, அந்த டப்பால அப்பிடி என்னத்த வச்சிருக்கீக?" என்றாள். "காலேஜுச் சாமான், கை வச்சிராத" என்றேன். அதற்குப் பிறகு அவளே அதைத் தோசை மாவுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்துவிடுவாள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஊரே வைகையில் இருந்தது. அன்று மட்டும் மாடியில் டப்பாவை வைக்க மறந்து, கூட்டத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தேன். இரண்டு மாதத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை. பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சனிக்கிழமை காலை அதைப் பச்சைப் பெட்டியில் அதற்குரிய குழியிலேயே வைத்தேன். வேனில் பச்சை, பைக்கில் நீலம். வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். முறையில் எதையும் விடவில்லை.

அன்றும் வெளியிலிருந்து நாலைந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சார் புதுச்சட்டை போட்டுக் கருவேல மரத்தடியில் நின்றார். சரண்யாதேவி மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அண்ணே, ஓரத்துல லேசா நசுங்குனாப்ல இருக்கே?" என்றாள். "நான் பாத்துட்டேன் தாயி, தைரியமா மாட்டு" என்றேன். அவள் மறுபடி திருப்பிக்கூடப் பார்க்காமல் செருகினாள்.

பிறகு கோடு போட்டேன். அன்று பன்னிரண்டு காலடியில் போட்டேன். ராக்கெட்டிலிருந்து பொத்தான் பெட்டிக்கு இழுக்கும் வயரைச் சுருளில் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகள் வழக்கம்போலக் கோட்டுக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள். கரைமேல் இருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கண்மாய்க்குள் நிற்கிறவர்களும் கோட்டைத்தான் பார்ப்பார்கள், தூரத்தைப் பார்க்க மாட்டார்கள். சரண்யாதேவி செருப்பு நுனியைக் கோட்டில் வைத்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஆறு வருடத்தில் அந்தச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் மலர்ந்துபோனது. "எங்கிட்டயாண்ணே? நெசமாவா?" என்றாள். "நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தேன். பதினெட்டுக் காலடி எண்ணி நின்றேன். கணக்கு சரியாக முப்பது வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. நான் பார்த்ததும் அதேதான். வாளித் தண்ணீரை நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன், அதையும் சாட்சிகள் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா ராக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கட்டுப் போட்ட தலையோடு அவள், "நான் கோட்டுக்கு வெளியதான்ணே நின்னேன்" என்றாள். இரண்டு முறை சொன்னாள். நான் திட்டுவேன் என்று பயந்தாள் போலிருக்கிறது. "தெரியும் தாயி" என்றேன்.

கண்மாய்ப் பக்கம் இன்னும் மழை இல்லை. கோடு அழிந்திருக்காது. யாரையாவது அனுப்பி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அளந்தாலும் பன்னிரண்டு காலடிதான் வரும், ஒரு விரற்கடைகூடப் பிசகாது.

பாண்டியராஜன் சாரை விருந்தாளிகள் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும், அதுதான் என் நோக்கம். அவர் பேரைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கெட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு வெடிக்கிற மோட்டாரே போதுமே, கோட்டை எதற்குக் கிட்டே போட்டாய், அந்த ஆள் ராக்கெட் பக்கமே வர மாட்டார் என்று உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதிய மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மேசைக்கு அடியில் கிடக்கின்றன, கூட்டுகிற அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சரண்யாதேவி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மாசி மாதம் அந்தக் கண்மாயில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள். யார் எங்கே நின்றார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, செருப்பு நுனி என் கோட்டில் பட நின்று சிரித்தது மட்டும்தான் ஞாபகமிருக்கிறது.