சாணைக்கல் மோதிரம்

என் பெயர் தில்லைநாயகம், வயது 56, த/பெ ஆவுடையப்பன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாணை பிடிக்கும் கடை வைத்திருக்கிறேன். என் சக்கரத்தில் தீட்டாத கத்தரிக்கோல் தென்பாண்டிச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. (இது வழக்குக்குத் தேவையில்லை என்று எஸ்.ஐ. அய்யா சொல்லியும், நான் வற்புறுத்தியதன் பேரில் எழுதப்பட்டது.)

என் தங்கை மகள் ப்ரியதர்ஷினிக்கும் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி மருதப்பன் மகனுக்கும் போன வாரம் நிச்சயதார்த்தம் நடந்தது. தாய்மாமன் முறைக்கு நான் ஒரு மோதிரம் போட்டு, "இந்த வைரத்தைப் பார்த்தா கோவில் கோபுரமே ஒரு அடி குனியும்" என்று சபையில் சொன்னேன். அதன் பிறகு மருதப்பன் மோதிரத்தை நகைக்கடையில் சோதித்ததில், மிஷின் கீச்சென்று சத்தம் போட்டு, வைரம் என்று காட்டியிருக்கிறது. அதன் பிறகு அவர், "கத்தரிக்கோல் தீட்டுதவனுக்கு ஏது வே இம்புட்டுப் பெரிய வைரம்? களவுப் பொருளோட வார பொண்ணு வேண்டாம்" என்று சொல்லி இங்கே மனு கொடுத்துவிட்டார்.

அய்யா, அது வைரமே இல்லை. சிலிக்கான் கார்பைடு. மணலையும் கரியையும் மின் உலையில் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் வேகவைத்தால் வருவது. கறுப்பாக வந்தால் என் சாணைச் சக்கரம். தெளிவாக வளர்த்துப் பட்டை தீட்டினால் மோதிரக் கல். மின்சாரக் காருக்குள்ளும் இருக்கிறது, குண்டு துளைக்காத சட்டைக்குள்ளும் இருக்கிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வீடு. வைரம் போலவே சூட்டைச் சட்டென்று கடத்தும்; கடை மிஷின் அதை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டது. இதை ஏட்டய்யாவிடம் ஆயிரத்தெட்டுத் தடவை சொன்னேன். "கதை விடாதீரும்" என்றார். பொய் சொன்னபோது சபையே வாயைப் பிளந்தது; உண்மை சொன்னால் ஈ காக்காய்கூட நம்பவில்லை.

அதன் பிறகு லென்ஸ் வாங்கிவரச் செய்து, கல்லைச் சாய்த்து உள்ளே பார்க்கச் சொன்னேன். வைரத்தில் பட்டைக் கோடு ஒன்றாகத் தெரியும், இதில் இரண்டாகத் தெரியும். எஸ்.ஐ. அய்யா பார்த்து, "ரெண்டாத்தான் இருக்கு" என்றார். களவுப் பழி நீங்கியது. உடனே மருதப்பன், "அப்போ வைரம்னு சொல்லி எங்களை ஏமாத்தினீரோ? இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று எழுந்தார். திருடன் இல்லையென்றால் பித்தலாட்டக்காரன்! தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது என்னோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்த ப்ரியதர்ஷினி, "மாமா, நீங்க வைரம்னு சொன்னப்பவே அது வைரமில்லன்னு எனக்குத் தெரியும். இவுககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்" என்று மாப்பிள்ளையைக் காட்டினாள். மருதப்பனோடு வந்திருந்த அவன், "ஆமாப்பா, இந்த மாமா பேச்சை யாரு நம்புவா?" என்றான். மருதப்பன் சிரித்துவிட்டார். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். மோதிரம் இப்போது அவள் விரலில் இருக்கிறது. என் மானம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கோபுரம் குனியும் என்றது நீங்கலாக, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தில்லைநாயகம்